பெட்டி எங்களுடையது, கடிதம் அவருடையது

அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிலையத்திலிருந்து பத்து நிமிட நடைதூரத்தில் உள்ள ஒரு வீட்டின் மொட்டைமாடியில், மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று நாங்கள் மூவரும் கூடுவது பல ஆண்டு வழக்கம். ஒருவர் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஒருவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சிறிய அச்சகம் நடத்துகிறார். இன்னொருவர் பூந்தமல்லியில் பள்ளி ஆசிரியர். மூவரும் சேர்ந்து ஒரு காலாண்டுச் சிற்றிதழைக் கொண்டுவருகிறோம். முந்நூறு படிகள் அச்சாகும். விற்றது போக மிச்சம் அச்சகத்துப் பரணில் ஏறும். சிற்றிதழ் நடத்துவதன் சுகதுக்கங்களைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். இங்கே சொல்லவிருப்பது இதழுக்கு வரும் கடிதங்களைப் பற்றி. அக்கடிதங்கள் வந்து விழும் பெட்டியின் சாவியை, கொடுக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல், வேறொருவரிடம் கொடுத்துவிட்டிருந்ததைப் பற்றி.

இதழுக்கென்று ஒரு மின்னஞ்சல் முகவரி உண்டு. சொந்தமாக ஒரு தளப்பெயர் வாங்கி, சிறிய வழங்கி நிறுவனம் ஒன்றில் ஆண்டுச் சந்தா கட்டி வைத்திருக்கிறோம். கதைகள், கவிதைகள், வாசகர் கடிதங்கள், சண்டைகள், சமாதானங்கள் எல்லாம் அங்கேதான் வரும். கடவுச்சொல் மூவருக்கும் தெரியும். கைப்பேசியில் ஏற்கெனவே இருந்த அஞ்சல் செயலி மடல்களை நேரத்துக்குக் கொண்டு வருவதில்லை என்று எங்களில் ஒருவருக்கு நெடுநாள் குறை. ஒருநாள் அவர் புதிய செயலி ஒன்றை நிறுவிக்கொண்டார். மடல் வந்த நொடியே மணி அடித்தது. தேடினால் கண் இமைப்பதற்குள் பழைய மடல் கிடைத்தது. 'திங்கட்கிழமை நினைவூட்டு' என்று சொல்லி வைத்தால் திங்கட்கிழமை காலை அந்த மடல் மேலே வந்து நின்றது. விலையும் இல்லை. அடுத்த கூட்டத்துக்குள் மற்ற இருவரும் அதையே நிறுவிக்கொண்டோம். முகவரியைக் கேட்டது, கொடுத்தோம். கடவுச்சொல்லைக் கேட்டது, கொடுத்தோம். 'ஏற்கிறேன்' என்ற பொத்தானை அழுத்தச் சொன்னது, அழுத்தினோம். அதற்கு மேலே நீண்டு கிடந்த வாசகங்களை, பிழைதிருத்துவதையே தொழிலாகக் கொண்ட அச்சகக்காரர் உட்பட, எங்களில் ஒருவரும் படிக்கவில்லை.

ஏழெட்டு மாதங்கள் கழித்து வழங்கி நிறுவனத்து இளைஞர் தொலைபேசியில் அழைத்தார். சந்தாவைப் புதுப்பிப்பது பற்றிப் பேசிவிட்டு, வைக்கப்போகும் நேரத்தில், "சார், உங்க ஆளுங்க யாராவது அமெரிக்காவுல இருக்காங்களா?" என்று கேட்டார். எங்கள் ஆளுங்க ஆவடியைத் தாண்டி அரக்கோணம் போவதே அபூர்வம் என்று சொன்னோம். அவர் ஒரு பட்டியலை அனுப்பினார். எங்கள் அஞ்சற்பெட்டிக்குள் யார் யார், எந்த நேரத்தில், எந்த இணைய முகவரியிலிருந்து நுழைந்தார்கள் என்ற நாட்குறிப்பு அது. பக்கம் பக்கமாக நீண்டது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை, அதிகாலை மூன்று மணிக்கும்கூட, கடல் கடந்த ஏதோ ஓரிடத்திலிருந்து யாரோ சரியான கடவுச்சொல்லைச் சொல்லி உள்ளே வந்துபோயிருந்தார்கள். பூட்டை உடைத்த தடயம் இல்லை. சாவி போட்டுத் திறந்திருந்தார்கள்.

திருட்டு என்றுதான் முதலில் நினைத்தோம். ஓய்வு பெற்ற நண்பருக்குத் தொழிற்சாலைப் பழக்கத்தில் எதையும் சோதித்துப் பார்க்காமல் முடிவுக்கு வரப் பிடிக்காது. அவர் சொற்படி ஓர் இரவு மூவரும் கைப்பேசிகளை முழுதாக அணைத்து வைத்தோம். காலையில் நாட்குறிப்பைக் கேட்டு வாங்கினோம். எங்கள் கைப்பேசிகள் உறங்கிய அந்த ஏழு மணி நேரமும் வருகை நிற்கவில்லை. பிறகு கடவுச்சொல்லை மாற்றினோம். அடுத்த சில நிமிடங்களுக்குள் அதே தொலைதூர முகவரியிலிருந்து பழைய கடவுச்சொல்லோடு முயன்று தோற்ற பதிவுகள் வரத் தொடங்கின. ஏறத்தாழ அதே கணத்தில் எங்கள் மூன்று கைப்பேசிகளிலும் அந்தச் செயலி பணிவாகக் கேட்டது: கடவுச்சொல் செல்லவில்லை, புதியதைத் தருகிறீர்களா?

எங்கள் திருடனை நாங்களே அழைத்து உட்கார வைத்திருந்தோம். அவனைத் திருடன் என்று சொல்வதும் முறையாகாது. 'ஏற்கிறேன்' என்று எழுதிக் கொடுத்தவர்கள் நாங்கள்.

*

என்ன நடந்தது என்பதை அந்த இளைஞர் எங்களுக்கு விளக்கியபடியே இங்கே சொல்லிவிடலாம். அஞ்சல் செயலிகள் இரண்டு வகை. முதல் வகையில் கடவுச்சொல் நம் கருவியிலேயே தங்குகிறது. கைப்பேசியோ கணினியோ நேராக அஞ்சல் வழங்கியிடம் சென்று, மடல்களை வாங்கி வருகிறது. நடுவில் யாரும் இல்லை. இரண்டாம் வகையில் நாம் கொடுக்கும் கடவுச்சொல், செயலியை உருவாக்கிய நிறுவனத்தின் வழங்கிக்குச் செல்கிறது. அந்த வழங்கிதான் நம் பெயரில், நமக்குப் பதிலாக, நம் பெட்டியைத் திறக்கிறது. மடல்களைப் படியெடுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. அந்தப் படியை நம் திரையில் காட்டுகிறது. பெட்டிக்கும் நமக்கும் நடுவே ஒரு முகவர் அமர்ந்துவிடுகிறார்.

இப்படி அமைப்பதற்குச் சதிதான் காரணம் என்றில்லை. ஐபோனில் ஒரு செயலி பின்னணியில் எந்நேரமும் விழித்திருந்து வழங்கியோடு பேசிக்கொண்டிருக்க அனுமதி கிடையாது, மின்கலம் தீர்ந்துவிடும். மணி அடிக்க வேண்டுமானால் வெளியே எங்கோ ஒரு வழங்கி விழித்திருந்து, மடல் வந்ததைப் பார்த்து, ஆப்பிளின் அறிவிப்புச் சேவை வழியே சேதி சொல்ல வேண்டும். நொடிப்பொழுதில் தேடித் தருவதற்கும், குறித்த நேரத்தில் மடலை அனுப்புவதற்கும் அப்படியொரு விழித்திருப்பவர் தேவைப்படுகிறார். நாங்கள் ரசித்த வசதிகள் எல்லாம் அவருடைய உழைப்பு. அவர் விழித்திருக்க வேண்டுமானால் அவரிடம் சாவி இருந்தாக வேண்டும். வழியில் யாரும் ஒட்டுக்கேட்காதபடி மறையாக்கம் செய்தே அனுப்புகிறோம் என்று இந்த நிறுவனங்கள் சொல்வது உண்மைதான். மறையாக்கம் வழிப்பறிக்காரனைத் தடுக்கும். வழியின் நடுவே நாமே அமர்த்தியவரை அது தடுக்காது.

இதில் நாங்கள் தனியாள் இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டோம். 2014 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 'அகாம்ப்ளி' என்ற அஞ்சல் செயலியை வாங்கி, 2015 ஜனவரி இறுதியில் அதையே 'அவுட்லுக்' என்ற பெயரில் கைப்பேசிகளுக்கு வெளியிட்டது. பயனர்களின் கடவுச்சொற்கள் நிறுவனத்தின் மேகக்கணிமை வழங்கியில் சேமிக்கப்படுவதை ஒரு மென்பொருளாளர் கண்டு எழுதினார். அடுத்த மாதமே ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் தொழில்நுட்பப் பிரிவு அச்செயலியைத் தடை செய்து, நிறுவியவர்கள் உடனே நீக்கிவிட்டுக் கடவுச்சொல்லை மாற்றும்படி உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டது. 2023 நவம்பரில் கதை மீண்டும் நடந்தது. விண்டோஸுக்கான புதிய அவுட்லுக், பிற நிறுவனங்களின் அஞ்சல் கணக்குகளைச் சேர்க்கும்போது கடவுச்சொல்லையும் மைக்ரோசாஃப்ட் வழங்கிக்கு அனுப்புகிறது என்று ஜெர்மனியின் ஹைசே இதழ் எழுதியது. அந்நாட்டின் அன்றைய தரவுப் பாதுகாப்பு ஆணையர் உல்ரிச் கெல்பர் வெளிப்படையாகவே கவலை தெரிவித்தார். 'உங்கள் மடல்கள் மேகத்தோடு ஒத்திசைக்கப்படும்' என்ற அறிவிப்பு திரையில் வரத்தான் செய்தது. மேகம் என்ற சொல் எவ்வளவு மென்மையாக இருக்கிறது, பாருங்கள்.

முகவர் படித்ததை வைத்து என்ன செய்வார் என்பது அடுத்த கேள்வி. வேண்டாத விளம்பர மடல்களைத் துப்புரவு செய்து தருகிறோம் என்று சொன்ன 'அன்ரோல்.மி' என்ற இலவசச் சேவைக்கு இலட்சக்கணக்கானோர் தங்கள் பெட்டியைத் திறந்துவிட்டார்கள். அதன் தாய் நிறுவனம், பெட்டிகளில் இருந்த லிஃப்ட் வாடகைக்கார் ரசீதுகளின் தகவலைப் பெயர் நீக்கி உபருக்கு விற்றதை 2017இல் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. 2019இல் அமெரிக்க வணிக ஆணையம், பயனர்களை ஏமாற்றும்படி பேசியதாக அதன்மீது குற்றம் சாட்டி ஒரு தீர்வுக்குக் கொண்டுவந்தது. ரசீதுகளைத்தானே பார்த்தார்கள் என்று சமாதானம் சொல்லலாம். ரசீதைத் தேடுபவர், அது ரசீதா கடிதமா என்று தெரிந்துகொள்ளவாவது எல்லாவற்றையும் ஒருமுறை தொட்டாக வேண்டும்.

நம் நாட்டிலும் இந்த முகவர் வெகுகாலத்துக்கு முன்பே வந்துவிட்டார். பிளாக்பெர்ரி கைப்பேசியில் நிறுவனங்களுக்கு ஒரு சேவை, தனிமனிதர்களுக்கு ஒரு சேவை என்று இரண்டு இருந்தன. தனிமனிதர் தம் அஞ்சற் கடவுச்சொல்லைக் கனடாவின் ரிம் நிறுவனத்திடம் கொடுத்துவைப்பார். அதன் வழங்கி அவர் பெட்டியைத் திறந்து மடல்களை எடுத்துத் தரும். 2010இல், ஆகஸ்ட் 31ஆம் தேதிக்குள் பாதுகாப்பு முகமைகள் பார்வையிட வழி செய்யாவிட்டால் சேவையை நிறுத்துவோம் என்று இந்திய அரசு கெடு விதித்தபோது, நிறுவனச் சேவையின் மறைத்திறவுகோல் தன்னிடம் இல்லை, வாடிக்கையாளரிடமே இருக்கிறது என்று ரிம் பதில் சொன்னது. தனிமனிதர் விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. பெருநிறுவனத்தின் கடிதத்துக்குப் பூட்டு இருந்தது. சாதாரண மனிதரின் கடிதத்துக்கு முகவரின் நல்லெண்ணம் மட்டும் இருந்தது. அன்று நாங்கள் அச்செய்தியை அரசுக்கும் ஒரு நிறுவனத்துக்குமான இழுபறியாகத்தான் படித்தோம். முகவர் இருக்குமிடத்தில் கேட்பவர்களும் வந்து சேர்வார்கள் என்ற பாடம் அப்போது உறைக்கவில்லை.

*

இவ்வளவையும் அறிந்துகொண்ட பிறகு, எங்களைப் பற்றிய கவலை பெரிதாக இருக்கவில்லை. எங்கள் மூவரின் மடல்களில் திருடத்தக்கது என்ன இருக்கிறது? காகித விலை, அச்சுக்கூலி, யார் கதையை யார் நிராகரித்தது என்ற வம்பு. 'மறைக்க நம்மிடம் ஒன்றுமில்லையே' என்று ஆசிரிய நண்பர் சொன்னார். சொல்லிவிட்டு அவரே அமைதியானார். மூவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே பெயர் நினைவுக்கு வந்தது. அது உண்மைப் பெயரும் இல்லை.

புனைபெயரில் எழுதும் பெண் ஒருவர் எங்கள் இதழில் ஐந்து கதைகள் எழுதியிருக்கிறார். எங்கள் இதழுக்கு ஏதேனும் மதிப்பு உண்டென்றால் அதில் பாதி அவர் கொண்டுவந்தது. அவர் எழுதுவது அவர் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அவர் யார், எந்த ஊர் என்பது எங்கள் மூவருக்கு மட்டுமே தெரியும். மூன்றாவது கதையை அனுப்பியபோது கூடவே ஒரு நீண்ட மடல் எழுதியிருந்தார். கதையில் வரும் தகப்பன் யார், அந்த வீடு எது, அன்று நடந்தது கதையில் எழுதியதைவிட எவ்வளவு கூடுதல் என்று சொல்லியிருந்தார். கடைசியில், 'படித்ததும் அழித்துவிடுங்கள் ஐயா' என்று இருந்தது. அழித்தோம். குப்பைக்கூடையையும் காலி செய்தோம். செய்துவிட்டதாக அவருக்குப் பதிலும் எழுதினோம்.

அந்த மடல் வந்தது, நாங்கள் புதிய செயலியை நிறுவிய பின்பு.

எங்கள் பெட்டியில் அது இல்லை. முகவர் எடுத்த படி என்னவாயிற்று? நிறுவனத்துக்கு எழுதினோம். இரண்டு வாரங்கள் கழித்து, கணக்கை நீக்கினால் வழங்கியில் உள்ள தரவும் நீக்கப்படும் என்றும், காப்புப்படிகள் நியாயமான காலத்துக்குள் அழியும் என்றும் பதில் வந்தது. நியாயமான காலம் என்பது எத்தனை நாள் என்று மீண்டும் கேட்டதற்கு அதே பதில் அதே எழுத்துகளோடு வந்தது. எழுதியவர் மனிதர்தானா என்பதுகூட ஐயமாக இருந்தது. யாரேனும் அவர் மடலைப் படித்திருப்பார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. பெரும்பாலும் படித்திருக்க மாட்டார்கள். ஆனால் 'அழித்துவிட்டோம்' என்று நாங்கள் எழுதிய சொல் அன்றே பொய்யாகிவிட்டிருந்தது.

எங்கள் ஊர்ப்பக்கத்துக் கிழவிகளுக்குத் தபால்காரர் கடிதம் படித்துக் காட்டிய காலத்தை நினைத்துக்கொண்டோம். மகன் பணம் அனுப்பாததும், மருமகள் கோபித்துப் போனதும் தபால்காரருக்குத் தெரியும். அதுவும் நடுவில் ஒரு முகவர்தானே என்று கேட்கலாம். கிழவி அவர் முகத்தை அறிவாள். அவர் படிக்கிறார் என்பதை அறிவாள். கடிதம் எழுதிய மகனும், அம்மாவுக்கு எழுத்து தெரியாது, யாரோ படிப்பார்கள் என்று அறிந்தே எழுதினான். சொல்லக்கூடாததை நேரில் வந்து சொல்லிக்கொண்டான். மூவரும் அறிந்து நடந்த ஏற்பாடு அது. எங்கள் எழுத்தாளரோ மூன்று பேருக்கு என்று நினைத்து எழுதினார். நான்காமவர் இருந்ததை அவரும் அறியவில்லை, நாங்களும் அறியவில்லை.

1898ஆம் ஆண்டின் இந்திய அஞ்சல் அலுவலகச் சட்டம், கடமைக்கு மாறாகக் கடிதத்தைத் திறக்கும் அஞ்சல் ஊழியருக்கு இரண்டாண்டு வரை சிறை என்று சொன்னது. அதே சட்டம் அரசு கடிதங்களை இடைமறிக்கவும் இடம் கொடுத்திருந்தது. அந்த அதிகாரத்தை விரிவாக்கும் திருத்த மசோதா 1986இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியபோது குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் கையெழுத்திடாமல் வைத்துக்கொண்டார். பழைய சட்டத்தின் இடத்துக்கு வந்த 2023ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடைமறிக்கும் அதிகாரம் இருக்கிறது. ஊழியருக்கான அந்தத் தண்டனை இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் ஒருமித்துச் சொன்னார்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 2023இல் வந்தது. அதன் அடித்தளம் ஒப்புதல். எங்கள் விஷயத்தில் பொத்தானை அழுத்தி ஒப்புதல் தந்தவர்கள் நாங்கள் மூவர். கடிதத்தை எழுதியவரை யாரும் கேட்கவில்லை. முதலில் கேட்டிருக்க வேண்டியவர்கள் நாங்கள்.

மறைக்க எங்களிடம் ஒன்றுமில்லை என்பது இப்போது எங்களுக்கு அபத்தமாகப் படுகிறது. அஞ்சற்பெட்டி நம்முடையது, அதில் இருப்பவற்றில் பெரும்பகுதி மற்றவர்கள் நம்மை நம்பிச் சொன்னவை.

*

செய்ய வேண்டியவற்றைச் செய்தோம். செயலிக்குள் சென்று கணக்கை நீக்கிய பிறகே செயலியை அழித்தோம்; செயலியை மட்டும் அழித்தால் முகவர் தன் வேலையை நிறுத்த வேண்டியதில்லை. கடவுச்சொல்லை மீண்டும் மாற்றினோம். கணினியில் தண்டர்பேர்ட், ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் கே-9 என்று மாறிக்கொண்டோம். இவை கடவுச்சொல்லைக் கருவியிலேயே வைத்துக்கொண்டு நேராக வழங்கியோடு பேசுபவை. மணி சற்றுத் தாமதமாக அடிக்கிறது. ஜிமெயில் போன்ற கணக்கு வைத்திருப்பவர்கள், கடவுச்சொல்லைச் செயலியில் தட்டாமல், கூகுளின் பக்கத்திலேயே நுழைந்து அனுமதி மட்டும் கொடுக்கும் முறையைத் தேர்ந்தால் பின்னாளில் அந்த அனுமதியைத் திரும்பப் பெறலாம். ஆனால் அனுமதி இருக்கும்வரை பெட்டி முழுதும் திறந்தே இருக்கும். அஞ்சல் வழங்கி நடத்துபவர் நினைத்தால் மடல்களைப் பார்க்க முடியும் என்பதும் மாறவில்லை. அஞ்சல் நிலையம் என்று ஒன்று இருந்தே தீரும். தேவையில்லாமல் இரண்டாவதாக ஒன்றைக் கட்டிக்கொள்ளாமல் இருப்பது நம் கையில் இருக்கிறது.

கடைசி வேலைதான் கடினமாக இருந்தது. அவரிடம் சொல்வதா, வேண்டாமா? சொன்னால் வீணாகப் பயப்படுவார் என்றார் ஒருவர். இனி எழுதவே மாட்டார் என்றார் மற்றவர். இரண்டும் உண்மையான அச்சங்கள். இரண்டிலும் எங்கள் சௌகரியம் கொஞ்சம் கலந்திருந்தது. அன்றிரவு மொட்டைமாடியில் பேச்சு ஓய்ந்தபோது தொழிற்பேட்டைப் பக்கத்து விளக்குகள் தெரிந்தன. 1960களில் பட்டறைகளுக்காக உருவான பேட்டை அது. கடைசல் இயந்திரங்கள் ஓடிய பகுதியில் இன்று தரவு மையங்கள் எழுந்திருக்கின்றன; 2023இல் என்.டி.டி. நிறுவனம் அம்பத்தூரில் ஒன்றைத் திறந்தது, மற்றவையும் வந்தன. சன்னல் குறைந்த சுவர்கள், குளிரூட்டிகள், மின்சாரம் போனால் ஓட ஆயத்தமாக நிற்கும் மின்னாக்கிகள். மேகம் என்பது இதுதான். உலகின் யார் யாருடைய கடிதங்களோ எங்கள் தெருக்கோடியில் இருக்கின்றன. எங்கள் எழுத்தாளருடையது வேறெந்த ஊரிலோ இதே போன்ற ஒரு கட்டடத்தில், அந்த ஊர்க்காரர்கள் தேநீர் குடிக்கப் போகும் வழியில் இருக்கிறது.

மறுநாள் அவருக்கு எழுதினோம். நடந்ததை நடந்தபடி, தொழில்நுட்பச் சொற்களுக்குப் பின்னால் ஒளியாமல் எழுதி, மூவரும் பெயரிட்டு மன்னிப்புக் கேட்டோம்.

ஐந்து வாரங்கள் பதில் இல்லை. பிறகு அச்சக முகவரிக்கு விரைவு அஞ்சலில் ஓர் உறை வந்தது. உள்ளே பதினோரு பக்கங்களில் கையெழுத்தில் ஒரு கதை. கூடவே துண்டுக் காகிதத்தில் இரண்டு வரி: 'சொன்னதற்கு நன்றி ஐயா. இனி உங்களுக்குக் கதை மட்டும் அனுப்புகிறேன்.'

கதையை அடுத்த இதழில் வெளியிடுகிறோம். அந்த இரண்டாவது வாக்கியத்தைப் பற்றி இன்றுவரை நாங்கள் மூவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை.